கோலமாவில் வரைந்த திடல்

எங்கள் ஓய்வுபெற்ற பேரூராட்சிப் பணியாளர் மன்றத்தின் செய்திமடலுக்கு ஏதேனும் எழுதித் தருமாறு நண்பர்கள் ஓராண்டாகக் கேட்டுவந்தனர். நானும் ஓராண்டாக நழுவிவந்தேன். சென்ற மாதம் ஒரு பழைய ஆணையின் படியைப் பெறுவதற்காக மணவாள நகரிலிருந்து பேருந்தேறிப் பழைய அலுவலகத்திற்குச் சென்றேன். அங்கே கணினியின் முன் அமர்ந்திருந்த இளநிலை உதவியாளர் முகம் வாடியிருந்தார். நிதிநல்கை கோரும் விண்ணப்பம் ஒன்றை ஏற்றி அனுப்பிய பின்னர் அதில் ஒரு பிழையைக் கண்டாராம்.

"திருத்த வழியில்லையா?" என்று வினவினேன்.

"ஒரு தபா அமுக்கிட்டா அவ்ளோதான் சார். போனது போனதுதான்" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அவர் சொன்னது உறுத்திக்கொண்டே வந்தது. என் முப்பத்து நான்கு ஆண்டுப் பணியில் நான் பெருமையோடு நினைக்கும் நல்கை ஒன்றே ஒன்றுதான். அது, முத்திரையிட்டு அனுப்பிய விண்ணப்பம் பின்னர் திருத்தப்பட்டதனால் கிடைத்தது. அதை எழுதிவிடுவோம் என்று துணிந்தேன்.

தொடக்க ஆண்டுகளைச் சில வரிகளில் முடித்துவிடுகிறேன். பள்ளிப்பட்டில் தட்டச்சராகச் சேர்ந்தேன். ஆந்திர எல்லை கூப்பிடு தொலைவில் இருந்தது. வரி செலுத்த வருவோர் பாதித் தெலுங்கில் பேசுவர்; நான் முழுத் தமிழில் பற்றுச்சீட்டு அடித்துத் தருவேன்; இரு தரப்பாருக்கும் மனநிறைவு. அஞ்சல்வழியில் புலவர் பட்டம் பெற்றேன். அலுவலகத் தமிழ் பிழையற்றதாக மட்டுமன்றி அழகுடையதாகவும் இருத்தல் வேண்டும் என்னும் பிடிவாதம் அப்போது பிடித்தது, இன்றும் விடவில்லை. ஐந்தாறு ஊர்களுக்கு மாறுதலாகி, இரண்டாயிரமாம் ஆண்டைத் தாண்டிய சில ஆண்டுகளில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு பேரூராட்சியில் தலைமை எழுத்தராகப் பொறுப்பேற்றேன்.

உருக்காலைகளும் வார்ப்பாலைகளும் முப்பொழுதும் இயங்கிய பகுதி அது. பெற்றோர் காலத்தில் கழனியில் கூலிக்கு உழைத்த குடும்பங்கள், பிள்ளைகள் காலத்தில் ஆலை வாயிலில் அடையாள அட்டையோடு நின்றன. தெருக்களில் சரக்குந்துகள் நின்றதுபோக எஞ்சிய இடத்தில் சிறார் விளையாடினர். எஞ்சிய இடம் மிகக் குறைவு.

எங்கள் செயல் அலுவலர் வசந்தகுமாரி அம்மையார். சென்னையிலிருந்து மின்தொடர்வண்டியில் வருவார். கோப்புகளை அமர்ந்து படிக்கும் வழக்கம் அவருக்கில்லை. சன்னலருகே நின்று, உணவுப்பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே படிப்பார். ஏனென்று ஒருமுறை கேட்டேன். "உக்காந்து படிச்சா எல்லாக் கோப்பும் நல்லாத்தான் இருக்கு, புலவரே" என்றார். அவர் கையில் ஒரு குட்டைக் கரிக்கோல் இருக்கும். ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தால் மீண்டும் படித்துப் பார்க்க வேண்டும் என்று பொருள். இரு புள்ளி என்றால் மாற்றி எழுத வேண்டும். புள்ளியே இல்லையெனில் கையொப்பம் வரும். அவர் எவரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. அந்த இரு புள்ளிகள் எனக்குப் போதுமானவையாக இருந்தன.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. அலுவலகத்திலிருந்து வெளியே செல்லும் முதன்மையான மடல்களைத் துப்புரவுப் பணியாளர் முனுசாமியை அழைத்து அவர் காதுபடப் படிப்பார். அவருக்கு விளங்காத வரி மடலில் இடம்பெறாது. இருபத்தைந்தாண்டுகள் அந்த ஊரின் ஒவ்வொரு சந்துபொந்தையும் பெருக்கியவர் முனுசாமி. மனிதர்களையும் அவ்வாறே அறிந்தவர். என் வரிகள் அவரிடம் பட்ட பாட்டைத் தனியொரு கட்டுரையாக எழுதலாம்.

இனி, அந்த விண்ணப்பத்தின் வரலாறு.

ஒரு மழைக்கால முற்பகலில், பழவேற்காட்டிலிருந்து வந்து எங்களூரில் துணிக்கடை வைத்திருந்த காதர் பாய் ஒரு மனுவோடு வந்தார். மனுவை எழுதியவள் அவருடைய மகள் ஷமீமா. பத்து வயது, பிறந்தது முதலே கால்கள் இயங்காதவள், சக்கர நாற்காலியில் வந்திருந்தாள். எங்கள் அலுவலக வாயிலில் ஐந்து படிகள் இருந்தன. ஆகையால் மனு மேலே வந்தது. மனுதாரர் கீழேயே நின்றுவிட்டார். அம்மையார் மனுவைப் பார்த்தார், சன்னல் வழியே கீழே பார்த்தார், இறங்கிச் சென்றார். நானும் பின்தொடர்ந்தேன்.

"நீதான் எழுதினியா?"

"நாந்தான். அத்தா பேனா மட்டும் குடுத்தாரு."

"மேல வந்து குடுக்கக் கூடாதா?"

"எப்டி மேடம் வர்றது? நீங்களே சொல்லுங்க, வர்றேன்" என்றாள் அச்சிறுமி, ஐந்து படிகளையும் விரலால் சுட்டி எண்ணிக் காட்டி.

காதர் பாய் பதறிப்போய், "மன்னிச்சுக்குங்கம்மா, வாய் கொஞ்சம் நீளம்" என்றார்.

"நீளமாவே இருக்கட்டும் பாய்" என்று அம்மையார் மனுவைப் பிரித்துப் படித்தார். அதன் வாசகம் எனக்கு இன்றும் நினைவிலிருக்கிறது. என் பெயர் ஷமீமா. ஐந்தாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் எல்லா ஆட்டத்துக்கும் நான்தான் அம்பயர். நான் நல்ல அம்பயர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அம்பயராக இருக்கப் பிடிக்கவில்லை. நம் ஊரில் நானும் ஆடுகிற மாதிரி ஒரு கிரவுண்டு வேண்டும். இவ்வளவுதான். கீழே கையொப்பமும் அதனடியில் ஓர் ஊஞ்சலின் படமும் இருந்தன.

மறுவாரமே வாயிற்படியருகே ஒரு சாய்தளம் கட்டச் செய்தார் அம்மையார். கொத்தனார், சரக்குந்தில் மூட்டை ஏற்றும் மேடையின் சரிவு எதுவோ அதே சரிவில் கட்டிவிட்டார். ஷமீமாவின் தோழி தேவி, உருக்காலை ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் மகள், நாற்காலியைத் தள்ளிப் பார்த்தாள். பாதி ஏறியதும் நாற்காலி பின்னோக்கி வந்தது. முனுசாமி பாய்ந்து பிடித்தார். "இது ரேம்ப் இல்ல சார், சறுக்குமரம்" என்று தீர்ப்புரைத்தாள் ஷமீமா. இடித்துக் கட்டினோம். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் இருந்தால் ஒரு சிறுமியை இன்னொரு சிறுமி தள்ளிச் செல்லலாம் என்பதை அன்று அறிந்தேன்.

திடலுக்குரிய இடம் இருந்தது. தொழிலாளர் குடியிருப்பின் பின்புறம் அரை ஏக்கர்ப் புறம்போக்கு நிலம், சீமைக் கருவேல் மண்டிக் கிடந்தது. ஆனால் அதன்மீது வேறு கண்களும் இருந்தன. சரக்குந்து நிறுத்துமிடமாக அதைக் குத்தகைக்கு விட வேண்டும் என்பது பேரூராட்சி மன்ற உறுப்பினர் பலரின் விருப்பம். அம்மையார் வாதாடியதன் பேரில் மன்றம் ஒரு தீர்மானம் இயற்றியது: ஆறு திங்களுக்குள் திடலுக்கு வெளிநிதி ஒப்பளிக்கப்பட்டால் திடல், இல்லையேல் சரக்குந்து. அத்தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதியவன் நான்தான்.

முதலில் விளையாட்டு வளர்ச்சி சார்ந்த ஓர் அலுவலகத்திற்கு எழுதினோம். அக்காலத்தில் ஆவணங்களில் வழங்கிய சொல் ஊனமுற்றோர் என்பது. இது ஊனமுற்றோர் தொடர்பானது, உரிய துறையை அணுகுக என்று விடை வந்தது. உரிய துறைக்கு எழுதினோம். விளையாட்டுத் திடல் எம் வரம்பிற்குட்பட்டதன்று என்று விடை வந்தது. இரு மடல்களுக்குமாக நான்கு திங்கள் கழிந்தன.

"ரெண்டு ஊட்டுக்கும் வேணாத மாப்ள மாதிரி ஆயிடுச்சே நம்ம கோப்பு" என்றார் அம்மையார்.

எஞ்சியது ஒரே வழி. தொழிற்பேட்டை ஆலைகள் சில ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டு நலநிதி நடத்திவந்தன. அதற்கு விண்ணப்பிக்க முடிவு செய்தோம். முகப்பு மடலை எழுதும் பொறுப்பு என்னுடையது. மூன்று நாள் இழைத்து எழுதினேன். "உடலியக்கக் குறைபாடுற்ற இளஞ்சிறார்தம் உளமகிழ்வினை முன்னிட்டுப் பணிவன்புடன் விழைந்து வரையும் மடல்" என்று தொடங்கியது அது. அம்மையார் முனுசாமியை அழைத்தார். ஒரு பத்தி படித்தார்.

முனுசாமி தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "யாரு மேடம் செத்துட்டாங்க?" என்று மெல்லிய குரலில் கேட்டார்.

அம்மையார் சிரிக்கவில்லை, அதற்காக அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள நேர்ந்தது. பிறகு, "புலவரே, அந்தப் பொண்ணு எழுதின மனுவையே மேல வெச்சிடுங்க. நம்ம மடல் பின்னால வரட்டும்" என்றார். எனக்கு வருத்தந்தான். ஆயினும் வைத்தேன்.

வரைபடத்தில் என் உழைப்பு முழுமையும் இருந்தது. பொறியியல் பிரிவினர் வரைந்தனர். அமைப்பை வகுத்தவன் நான். திடலை இரண்டாகப் பகுத்தேன். இடப்புறம் பொதுப் பகுதி. வலப்புறம் சிறப்புப் பகுதி. அதற்கெனத் தனி வாயில், நான்கடி உயரத்தில் அழகிய வேலி, இருக்கையோடு கூடிய பாதுகாப்பான ஊசல். அங்கு நின்ற இரு வேம்புகளின் நிழல் முழுவதையும் அப்பகுதிக்கே ஒதுக்கினேன். முப்பதாண்டு அலுவலகத்தில் உழன்ற எனக்கு, ஒருவருக்குத் தனியே ஒதுக்கித் தருவதைக் காட்டிலும் உயர்ந்த மதிப்பு வேறொன்றும் தெரியாது. பெரியவர் வந்தால் தனி நாற்காலி. மூத்தோருக்குத் தனி வரிசை. சிறப்புக்குரிய சிறாருக்குத் தனித் திடல். நான் செய்த பிழை அன்பினால் செய்யப்பட்டது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மையார் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். வேலியின் அருகே ஒரு புள்ளி வைத்தார். நான் அளவுகளை மீண்டும் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. எடுத்துச் சென்றேன்.

"அளவுகளில் பிழையில்லை, அம்மா."

"அளவு இல்ல. என்னமோ ஒண்ணு. எனக்கும் சொல்லத் தெரியல" என்று சொல்லிக் கையொப்பமிட்டார். வரைபடத்தின் மூன்று படிகளிலும் முத்திரையிட்டு, ஒன்றைக் கோப்பில் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அனுப்பினேன்.

நலநிதிக் குழுவின் விதிகளில் ஏழாவது: வரைபடமும் இடமும் ஒத்திராவிடில் விண்ணப்பம் திருப்பியனுப்பப்படும். இடத்தைப் பார்வையிட வருபவர் திரு. நரசிங்க ராவ் என்று மடல் வந்தது. ஓர் ஆலையின் வரைபடப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். இடுப்பில் அளவுநாடா இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார். பக்கத்து ஊராட்சியின் நூலகக் கட்டடத்தை ஒரு கையளவு வேறுபாட்டுக்காகத் திருப்பியனுப்பியவர் என்று கேள்விப்பட்டோம். அவர் வரும் நாளுக்கும் மன்றம் விதித்த கெடுவுக்கும் இடையே இருந்தவை மூன்று வாரங்கள். இம்முறை கோப்பு திரும்பினால் மறுமுறை அனுப்ப நேரமில்லை; நிலம் சரக்குந்துகளுக்குச் சென்றுவிடும்.

முள்ளை வெட்டிச் சமன்செய்தோம். வெட்டியபின் அது வெறும் தரை. அதில் அவர் எதைப் பார்ப்பார் என்பதே என் கவலை. இதற்கிடையே முனுசாமி வழக்கம்போல், "எத்தினி மூட்டை பவுடர் சார்?" என்று கேட்டு வந்தார். மேலலுவலர் எவர் வந்தாலும் அவர் வரும் சாலையின் இருமருங்கிலும் வெள்ளைத் தூளால் கோடு போடுவது பேரூராட்சிகளின் நெடுநாள் மரபு. ஏன் போடுகிறோம் என்று நானும் கேட்டதில்லை. வந்த அலுவலரும் கேட்டதில்லை.

அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். "எப்படியும் போடத்தான் போறீங்க. ரோட்டோரம் எதுக்கு? அந்தக் கிரவுண்டுக்குள்ள போடுங்க. வரைபடத்தை அப்படியே தரையில போட்டுடுங்க, முழு அளவுல. பிளீச்சிங் பவுடர் வேணாம், பிள்ளைங்களுக்கு எரியும். கோலமாவு வாங்குங்க."

முனுசாமியின் முகம் மலர்ந்தது. பொங்கல் விளையாட்டுகளுக்கு ஆண்டுதோறும் கபடிக் களம் கீறுபவர் அவரே.

ராவ் வரவிருந்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கினோம். நான் வரைபடத்தைப் பார்த்து அளவு சொல்ல, அவர் முளை அடித்துக் கயிறு கட்டி, அடியில் துளையிட்ட தகரக் குவளையைத் தட்டிக்கொண்டே பின்னோக்கி நடந்தார். ஊசலுக்கு ஒரு நீள்கட்டம்; அது வீசிச் செல்லும் தொலைவுக்குப் புள்ளிக்கோடு. சறுக்கு, மணற்பரப்பு, சாய்தளம், இரு வாயில்கள், நடுவே வேலி. எட்டு மணிக்கு அரை ஏக்கரும் வெண்கோடுகளால் நிறைந்தது. வாயிலில் தம் விருப்பப்படி ஒரு தாமரையும் வரைந்தார். "அது பிளான்ல இல்லியே" என்றேன். "அது நம்ம கம்பெனி முத்திரை சார்" என்றார்.

எட்டரை மணிக்குச் சிறார் வந்தனர். எவரும் அவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. கோடுகளைக் கண்டதும் ஆடத் தொடங்கிவிட்டனர். இல்லாத சறுக்கில் ஏறி இல்லாத மணலில் விழுந்தனர். இல்லாத ஊசலுக்கு வரிசையில் நின்று உண்மையாகவே சண்டையிட்டனர். தேவி ஷமீமாவைச் சிறப்புப் பகுதியின் வாயில் வழியே உரிய மரியாதையோடு கொண்டுபோய் வேம்பின் நிழலில் நிறுத்தினாள். பிறகு வேலிக்கோட்டைச் சுற்றிக்கொண்டு பொதுப் பகுதிக்கு ஓடினாள். அங்கே ஓடிப்பிடிக்கும் ஆட்டம் தொடங்கியிருந்தது. நான் மகிழ்ச்சியோடு என் வரைபடம் உயிர்பெற்றதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சற்று நேரத்தில் நிழலிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "அவுட்! தேவி அவுட்டு! தொட்டாச்சி, நான் பாத்தேன்! ஏமாத்தாத!"

ஷமீமா வேலிக்கோட்டருகே நாற்காலியைக் கொண்டுவந்து, ஒற்றை விரலை உயர்த்தியிருந்தாள்.

முனுசாமி குவளையைக் கீழே வைத்தார். "சார், பாப்பா மறுபடி அம்பயர் ஆயிடுச்சி பாரு" என்றார்.

அம்மையார் புள்ளி வைத்த இடம் அதுதான். நான் அவளருகே சென்றேன்.

"ஏனம்மா, நீ ஊசலில் ஆடவில்லையா?"

"தனியா எத்தினி வாட்டி சார் ஆடறது? நா அந்தாண்ட போவ முடியாது, அவ இந்தாண்ட வர முடியாது. என்னை யாரு எப்டி தொடுவாங்க?" பிறகு, மிக எளிய செயல்போல, "இந்தக் கோட்ட அழிச்சிட்டா இன்னா சார்?" என்றாள்.

மணி ஒன்பதரை. பத்து மணிக்கு ராவ் வருவார். கோடு அழிந்தால் தரை ஒன்று சொல்லும், முத்திரையிட்ட மூன்று படிகள் வேறொன்று சொல்லும். ஏழாம் விதி. சரக்குந்துகள். கோடு அழியாவிட்டால் நிதி வரும், வேலி எழும், இச்சிறுமி நல்ல நிழலில் அமர்ந்து பதினெட்டு வயது வரை விரலை உயர்த்திக்கொண்டிருப்பாள்.

அம்மையாரைப் பார்த்தேன். "ஏழாவது ரூல் உங்களுக்குத்தான் மனப்பாடம். கோப்பு உங்க கையில. நீங்க என்ன செஞ்சாலும் நான் கையெழுத்துப் போடறேன், புலவரே" என்றார்.

பணிக்காலம் முழுவதும் அடித்தல் திருத்தல் இல்லாத கோப்பு என்று பெயரெடுத்தவன் நான். என் செருப்புக் காலை வேலிக்கோட்டின் மேல் வைத்துத் தேய்த்தேன். இரண்டடி அழிந்தது. மேலும் தேய்த்தேன். சிறார் கூட்டம் அதையும் ஓர் ஆட்டமென்று எண்ணி ஓடிவந்து கால்களால் தேய்க்கத் தொடங்கியது. ஷமீமா நாற்காலிச் சக்கரத்தால் தேய்த்தாள். "சுத்தி ஒரு பாதை போடுங்க முனுசாமி, முழுத் திடலையும் சுற்றி" என்றேன். "அஞ்சடி அகலம் போட்றேன் சார். ரெண்டு வண்டி எதிரெதிரா போவணும்ல?" என்று அவர் குவளையை எடுத்தார்.

பாதிப் பாதை கீறப்பட்டிருந்தபோது பின்னாலிருந்து, "இங்க ஃபைல் பாக்கறது யாரு?" என்று ஒரு குரல் கேட்டது. திரு. நரசிங்க ராவ் கால் மணி முன்னதாகவே வந்துவிட்டார். ஒல்லியான உருவம், தலையில் தொப்பி, இடுப்பில் நாடா. என் முழங்கால் வரை கோலமாவு.

அவர் நாடாவை உருவி அளக்கத் தொடங்கினார். ஊசலின் நீளம், மணற்பரப்பின் அகலம், ஒவ்வொன்றையும் அளந்து, தம் படியில் ஒரு குறி வைத்தார். சாய்தளத்தில் நின்றார்.

"பன்னெண்டுக்கு ஒண்ணு போட்டிருக்கீங்க. கவர்மென்ட்ல வழக்கமா இஷ்டத்துக்குப் போடுவாங்களே. யாரு சொன்னது?"

"நாந்தான். ஆறுக்கு ஒண்ணுல ஏறி வுழப் பாத்தேன்" என்றாள் ஷமீமா.

அவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்தார். திடலின் நடுவே வந்தார். படியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"ஃபென்ஸ் எங்க?"

நான் முன்சென்று, "ஐயா, அவ்வேலி பிழையானது. அப்பிழை தரையில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. வகுத்தவன் நான்" என்றேன்.

"அதெல்லாம் சரி. மேட்ச் ஆகலைன்னா நான் அப்படித்தான் எழுதணும். ரூல் இருக்கு."

"சார்! சார்! தள்ளு! ஊஞ்சல் வருது!" என்று ஷமீமா அலறினாள்.

அந்த மனிதர் துள்ளிப் புள்ளிக்கோட்டுக்கு வெளியே போய் நின்றார். தொப்பி விழுந்தது. பிறகு, ஊசல் என்று அங்கே எதுவுமில்லை என்பது அவர் நினைவுக்கு வந்தது. சிறார் கூட்டம் வெடித்துச் சிரித்தது. அம்மையாரும் இம்முறை திரும்பிக்கொள்ளவில்லை. ராவ் தொப்பியைத் தட்டிக்கொண்டு, மெல்லப் புன்னகைத்து, அவளருகே வந்து குந்தினார்.

"வேலி எதுக்கும்மா வேணாம்? பாதுகாப்புதானே?"

"வேலி இருந்தா நானு அம்பயர் சார்."

அவருக்கு விளங்கவில்லை. அம்மையார் கோப்பின் முதல் தாளைத் திறந்து நீட்டினார். அவர் எழுந்து நின்று, ஊஞ்சல் படம் வரை அதைப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டிராயிங் ஒரிஜினல் குடுங்க. ரிவிஷன் எழுதற கட்டம் எங்க?"

"அப்படியொன்றும் இல்லை, ஐயா. அரசு ஆவணத்தில் அடித்தல் திருத்தல் கூடாது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நான் முப்பது வருஷம் டிராயிங் ஆபீஸ்ல இருந்தவன். கீழ ஃபர்னஸ்ல நிக்கிறவன் ஓடி வந்து, சார் இது இப்படிப் பொருந்தாதுன்னு சொல்லுவான். திருத்துவோம், ரிவிஷன் ஒண்ணு. மறுபடி வருவான், ரிவிஷன் ரெண்டு. ரிவிஷன் இல்லாத டிராயிங்க நான் நம்பறதே இல்ல சார். அதை யாரும் போட்டுப் பாக்கலைன்னு அர்த்தம்." பிறகு தாமரை வரைந்திருந்த இடத்தில் நின்று, விதித்தாளைப் பிரித்தார். "ஏழாவது ரூல் என்ன சொல்லுது? ரெண்டும் ஒத்திருக்கணும். தரையைப் பிளானுக்கு மாத்தணும்னு எழுதலியே. பிளானைத் தரைக்கு மாத்துங்க."

காதர் பாய் கடையிலிருந்து துணி அளக்கும் பலகை வந்தது. அதன்மீது அவர் கொண்டுவந்த இரு படிகளையும் எங்கள் கோப்பிலிருந்த படியையும் விரித்து, அவர் சொல்லச் சொல்ல நான் வேலியை அடித்து நீக்கினேன், சுற்றுப்பாதையை வரைந்தேன், ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, 'திருத்தம் ஒன்று' என்று எழுதினேன். காரணம் என்னும் இடத்தில் என்ன எழுதுவது என்று தயங்கினேன்.

"யாரு சொன்னாங்களோ அவங்க பேரு எழுதுங்க. எங்க வழக்கம் அதுதான்" என்றார் ராவ்.

எழுதினேன்: ஷமீமா, ஐந்தாம் வகுப்பு. அம்மையார் மூன்றிலும் கையொப்பமிட்டார். ராவ் மூன்றிலும் சுருக்கொப்பமிட்டார். முனுசாமி மீதிப் பாதையை முடித்தார். ராவ் அதையும் அளந்தார். ஐந்தடிக்கு அரை விரற்கடை குறைவு என்றார். முனுசாமி குவளையைத் தட்டி அதையும் சரிசெய்தார்.

மன்றத்தின் கெடுவுக்கு நான்கு நாள் இருக்கையில் ஒப்பளிப்பு ஆணை வந்தது. அம்மையார் அதை நின்றவாறு படித்து, முனுசாமியை அழைத்து அவர் காதுபடவும் படித்தார். "இது புரியுது மேடம்" என்றார் அவர். திடல் அடுத்த கோடைக்குள் எழுந்தது. வாயிலில் தாமரை இடம்பெற்றது, சிமென்டில்.

இறுதியாக நிறைவறிக்கை. நலநிதிக் குழுவின் படிவத்தில், ஒரு மாலைப்பொழுதில் திடலைப் பயன்படுத்துவோரின் எண்ணிக்கை கேட்கப்பட்டிருந்தது: ஊனமுற்ற சிறார் ஒரு கட்டம், ஏனைய சிறார் ஒரு கட்டம். நான் படிவத்தோடு திடலுக்குச் சென்று வேம்படியில் நின்று எண்ணினேன். முதன்முறை எண்ணியபோது சக்கர நாற்காலியில் இருந்த ஒரு சிறுவன் மறுமுறை மணலில் கிடந்தான். அவன் நாற்காலியில் தேவியின் தம்பி ஏறிக்கொண்டு சுற்றுப்பாதையில் பறந்தான். பார்வையற்ற ஒரு சிறுவன் சறுக்கின் உச்சியிலிருந்து மற்றவர்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தான். மும்முறை எண்ணினேன். மும்முறையும் மொத்தம் ஒன்றாகவே வந்தது. பிரித்தால் ஒவ்வொரு முறையும் வேறாக வந்தது.

அப்போதுதான் கண்டேன்: ஷமீமா பாதையின் ஓரத்தில், ஆட்டத்துக்கு வெளியே, தனியாக நாற்காலியில் இருந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனையும் செய்து, மீண்டும் அதுதானா? அருகே ஓடினேன்.

"ஏனம்மா, இன்னமும் நீதான் அம்பயரா?"

"அம்பயரா?" அவள் முகம் முழுவதும் மலர்ந்தது. "போ சார்! நானு அவுட்டு! தேவி தொரத்தினு வந்து தொட்டுட்டா!" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். தம் தோல்வியை அத்தனை பெருமிதத்தோடு அறிவித்த வேறொருவரை நான் கண்டதில்லை. "அடுத்த ஆட்டம் நான்தான் புடிக்கிறேன். நில்லு, நீயே பாரு."

நின்றேன், பார்த்தேன். பிறகு படிவத்தை முழங்கால்மேல் வைத்து, இரு கட்டங்களுக்கும் நடுவிலிருந்த கோட்டை அடித்து, ஓரத்தில் 'திருத்தம் இரண்டு' என்று எழுதி, மொத்த எண்ணிக்கையை நிரப்பினேன். அம்மையார் சன்னலருகே நின்று படித்தார். புள்ளி எதுவும் வைக்கவில்லை.